மவுசு யார் கையில்?

கணினிக்குச் சாதி தெரியாது, அதனால் கணினிவழித் தேர்வு வந்தால் நம் பிள்ளைகளுக்கு நல்லதுதான் என்று ஒரு பேச்சு நம்மவர்களிடமே இருக்கிறது. இந்தப் பேச்சை எடுத்த எடுப்பில் தள்ளிவிட எனக்கு மனசில்லை. செய்முறைத் தேர்விலும் அகமதிப்பீட்டிலும் மார்க் போடுகிற கை எந்தச் சாதிக் கை என்று தெரிந்துகொண்டே படித்து வந்தவர்கள் நாம். பெயரையும் தெருவையும் அப்பன் தொழிலையும் கேட்காமல் விடையை மட்டும் பார்க்கிற எந்திரம் வருகிறதென்றால் அதை வேண்டாமென்று சொல்ல நமக்கென்ன பைத்தியமா? 1945இல் காந்தியத்தைக் கிழித்து எழுதியபோது அம்பேத்கர் எந்திரத்தின் பக்கம்தான் நின்றார். மனுசனுக்கு ஓய்வும் பண்பாடும் வேண்டுமென்றால் எந்திரம் வேண்டும், கேடு எந்திரத்தில் இல்லை, அதை வைத்திருக்கிற சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். ஆகவே எந்திரம் வேணுமா வேணாமா என்று நான் கேட்க வரவில்லை. நம் பிள்ளை அதை முதன்முதலாகத் தொடுவது எந்த நாளில்? பயிற்சி நாளிலா, பரீட்சை நாளிலா?

ஜேஇஇ மெயின் 2019 முதல் முழுக்கக் கணினியில்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வு 2022இல் வந்தது. அந்த ஏப்ரலிலேயே தமிழக சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் தீர்மானமாக இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை சேர வேண்டுமென்றால் நம் பெண் கணினி முன்னால் போய் உட்காரத்தான் வேண்டியிருக்கிறது. 2024இல் நீட் வினாத்தாள் விவகாரம் நாறியபின் அமைத்த ராதாகிருஷ்ணன் குழுவும் கணினிப் பக்கம் போகத்தான் யோசனை சொன்னது. 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் அனிதாவை 2017இல் பறிகொடுத்தவர்கள் நாம். இந்தத் தேர்வுகள் இருக்கலாமா என்ற சண்டையை விடப்போவதில்லை. ஆனால் சண்டை முடிகிறவரைக்கும் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்புவது எந்தப் புரட்சியிலும் சேர்த்தியில்லை. பயிற்சி கொடுத்தால் தேர்வை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று வாதாடுகிற தோழர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கொஞ்சம் விசாரியுங்கள்.

சரி, அரசுப் பள்ளியில் என்ன இருக்கிறது? ஆறாயிரம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்துக் கணினி, மேல்நிலைக்கு இருபது என்று கணக்கு. இது சின்ன விஷயமில்லை, கொண்டுவந்தவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். எமிஸ் தளம் வழியாக இந்த ஆய்வகங்களிலேயே பிள்ளைகளுக்கு மதிப்பீடும் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் பத்துக் கணினிக்கு நாற்பது பிள்ளை வந்தால் ஒரு கணினிக்கு நாலு பேர். நாலு பேரில் மவுஸ் யார் கையில்?

இங்கேதான் அறைக்குள் ஊர் நுழைகிறது. பல்லடம் பக்கம் நான் பார்த்த ஒரு பள்ளியில் தோட்டத்துக்காரர் வீட்டுப் பையன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொருவன். அருந்ததியர் வளவுப் பையன் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறான். யாரும் அவனை நிற்கச் சொல்லவில்லை, அவனே நிற்கிறான். அதுதான் இதில் கொடுமை. இந்த ஊர்களில் பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று புதுசாகச் சொல்ல வேண்டுமா? 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நம் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று மறித்தார்கள். 2022 கடைசியில் பெருந்துறை பக்கம் பாலக்கரையில் நம் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ விட்டதற்காகத் தலைமையாசிரியை கைதானார். கரண்டியிலும் விளக்குமாற்றிலும் இருக்கிற சாதி, மவுசைத் தொடும்போது மட்டும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வருமா?

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். ஏடிஎம் வந்த கதையும் இதுதான். எந்திரம் யாரையும் விரட்டுவதில்லை. ஆனாலும் கார்டையும் ரகசிய எண்ணையும் அடுத்தவன் கையில் கொடுத்து 'எடுத்துக் குடுங்க சாமி' என்று கூசி நிற்கிறவர்கள் எந்த வளவிலிருந்து வருகிறார்கள் என்று தினமும் பார்க்கிறேன்.

தேர்வுத் திரையின் நுணுக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பெற்றோர்கள் பலருக்குத் தெரியாது. கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக ஓரத்தில் இருக்கும். விடை போட்டது பச்சை, பார்த்துவிட்டு விட்டது சிவப்பு, அப்புறம் பார்க்கலாம் என்று குறித்தது ஊதா. விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' பொத்தானை அமுக்காமல் நேராக வேறொரு எண்ணுக்குத் தாவினால் அந்த விடை சேமிப்பில் ஏறாது. பிள்ளைக்கு விடை தெரியும், போட்டும் விட்டாள், மார்க் கிடையாது. ஜேஇஇ-யில் எண்ணையே விடையாகக் கேட்கிற கணக்குகளுக்குத் திரையில் தெரிகிற எண்பலகையை மவுசால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். இதில் எது இயற்பியல்? எது வேதியியல்? வீட்டில் கணினி வைத்திருப்பவனுக்கு இது விளையாட்டு. விசைத்தறிச் சத்தத்தில் வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைக்கு இது இன்னொரு பாடம், யாரும் நடத்தாத பாடம். தமிழில் எழுதலாம் என்கிறார்கள். மொழிபெயர்ப்பில் பிணக்கு வந்தால் இங்கிலீஷ் வினாதான் இறுதி என்பதையும் அதே கையேட்டில் போட்டிருக்கிறார்கள்.

இது வெறும் ஆதங்கம் இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2015லும் 2016லும் ஒரே பரீட்சையைச் சில பள்ளிகள் காகிதத்திலும் சில பள்ளிகள் கணினியிலும் எழுதின. கணினியில் எழுதிய பிள்ளைகள் பின்தங்கினார்கள், கணக்கைவிட மொழிப்பாடத்தில் அதிகமாக. இரண்டாம் வருஷம் கணக்கில் அந்தப் பள்ளம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது, மொழிப்பாடத்தில் பாதியாக. ஒரு வருஷப் பழக்கத்திலேயே இவ்வளவு தூர்ந்த பள்ளத்தைத்தான் இங்கே 'தகுதி' என்று பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள்.

ஆசிரியர்களை மட்டும் திட்டி ஒன்றும் ஆகாது. வருகைப் பதிவு, நலத்திட்டக் கணக்கு என்று எமிஸில் ஏற்றி ஏற்றியே அவர்கள் விரல் தேய்ந்து கிடக்கிறது. கணினி என்றாலே அவர்களுக்கு மேலதிகாரியின் குரல்தான் கேட்கிறது. ஒரு நாள் கூட்டத்தில் படம் ஓட்டிக் காட்டிவிட்டு அதைப் பயிற்சி என்று எழுதிக்கொள்கிறார்கள். பிள்ளை எழுதப்போகிற தேர்வை வாத்தியார் தானே ஒருமுறை கடிகாரம் ஓட ஓட எழுதிப் பார்க்க வேண்டாமா? எழுதிப் பார்த்தால்தான் எங்கே கை தடுமாறுகிறது, எங்கே பயம் பிடிக்கிறது என்று தெரியும். மேலே இருப்பவர்கள் மட்டும் தயாராகவா இருக்கிறார்கள்? 2019 ஜூன் 23 அன்று கணினிப் பயிற்றுநர் வேலைக்கு நடந்த ஆன்லைன் தேர்விலேயே சர்வர் கோளாறாகி, சில மையங்களில் மறுபடி நடத்தினார்கள். கணினி வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சைக்கே இந்தக் கதி.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒரு பிள்ளைக்கு ஒரு கணினி. வாத்தியார் ஆள் பார்த்து உட்கார வைக்காமல், வருகைப் பதிவேட்டு வரிசைப்படி. சாயங்காலம் ஆய்வகத்தைப் பூட்டாமல் ஒரு மணிநேரம் திறந்து வைப்பது, அதற்குச் சம்பளம் கொடுத்து ஒரு ஆள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, அவை வேறு துறை என்று சாக்குச் சொல்லாமல் அங்கேதான் முதலில் தொடங்க வேண்டும். நம் பக்கமும் வேலை இருக்கிறது. வங்கி எழுத்தர் தேர்வு 2021 வரைக்கும் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் இருந்தது. அந்தக் காலத்திலேயே அதை எழுதி உள்ளே வந்தவர்கள் நம் வளவுகளில் அங்கொருவர் இங்கொருவர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அம்பேத்கர் மன்றத்தில் ரெண்டு பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார நம்மால் முடியாதா?

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தரவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டாவது போங்கள். மேஜை மேல் ஆய்வகப் பதிவேட்டை வைக்கச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எந்த வகுப்பு உள்ளே போனது, எத்தனை கணினி ஓடியது, உங்கள் மகள் எத்தனை நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று கேளுங்கள். பதிவேடே கிடையாது என்று சொன்னால், இல்லை என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.