கொள்ளிடத்து மணலும் இமயத்துப் பனியும்

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் பனிமலை ஒன்றும் புதிதில்லை... கேள்விப்பட்ட அளவில்! 108 திவ்ய தேசங்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது ஸ்ரீரங்கம். அதே பட்டியலில் பத்ரிநாத் இருக்கிறது, ஜோஷிமட் இருக்கிறது, நேபாளத்து முக்திநாத்தும் இருக்கிறது. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், "பத்ரி போயிட்டு வந்தாச்சு, முக்திநாத் மட்டும்தான் பாக்கி" என்று சொல்லும் பாட்டி ஒருவர் நிச்சயம் கிடைப்பார்.

பாட்டிகள் போவது கோவில் நடை திறந்திருக்கும் மாதங்களில். பேரன்கள் போவது வேறு மாதங்களில். டிசம்பர், ஜனவரியில் பனி கொட்டும்போதுதான் போக வேண்டும், அப்போதுதான் போட்டோ நன்றாக வரும் என்று உத்தரகண்டின் கேதார்கந்தா மாதிரியான மலைகளுக்குக் கல்லூரி மாணவர்கள் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். திருச்சி கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர். கேதார்கந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். வெயிலைத் தவிர வேறெதையும் பார்க்காத உடம்பு, மூன்றே நாளில் பனிக்கு நடுவே நிற்கிறது.

கிளம்புமுன் போடும் லிஸ்ட்டைப் பார்த்தால் எல்லாம் இருக்கும். தெர்மல், கையுறை, கறுப்புக் கண்ணாடி, பவர் பேங்க், கூடவே புளியோதரை மிக்ஸ்! ஒரு கேள்வி மட்டும் அதில் இருக்காது. பனிச்சரிவு வந்து ஒருவன் புதைந்துபோனால், யார், எப்படி, எத்தனை நிமிடத்தில் தோண்டி எடுப்பது?

பீக்கன் என்றால் என்ன?

இந்தக் கேள்விக்காகவே உண்டான கருவிதான் அவலாஞ்ச் பீக்கன். பழைய செல்போன் அளவில் இருக்கும். மேல்சட்டைக்கு அடியில் நெஞ்சோடு பட்டை போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். நடக்கும்போது அது ஓயாமல் ஒரு ரேடியோ துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். குழுவில் யாராவது புதைந்தால், மேலே இருப்பவர்கள் தங்கள் பீக்கனைத் 'தேடு' நிலைக்கு மாற்றுவார்கள். அப்போது அது புதைந்தவரின் துடிப்பைப் பிடித்து, அம்புக்குறியும் தூரமும் காட்டும்.

1968இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜான் லாட்டன் என்பவர் முதல் கருவியை உருவாக்கினார். இன்று எல்லாக் கம்பெனிக் கருவிகளும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. ஒருவர் வைத்திருப்பது ஒரு பிராண்ட், தேடுபவர் வைத்திருப்பது வேறு பிராண்ட் என்றாலும் கவலையில்லை.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. பீக்கன் யாரையும் உதவிக்குக் கூப்பிடாது. செயற்கைக்கோளோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. (செயற்கைக்கோள் போன் என்பது வேறு. இந்தியாவில் அரசு அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம்.) பீக்கன் எட்டும் தூரமே சுமார் 40 முதல் 60 மீட்டர்தான். 236 அடி உயர ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் படுக்க வைத்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக்கூட எட்டாது! அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள் மட்டும்தான் காப்பாற்ற முடியும். அதாவது, கூட நடந்து வந்த நண்பர்கள்.

பதினைந்து நிமிடம்

ஏன் நண்பர்கள்தான்? ராணுவம் வராதா, மீட்புப்படை வராதா? வரும். ஆனால் பனிக்கடியில் நேரம் வேறு மாதிரி ஓடுகிறது. புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் அது பத்தில் மூன்று பேராகக் குறைந்துவிடுகிறது. பெரும்பாலானவர்களைக் கொல்வது குளிர் இல்லை, மூச்சுத் திணறல். சரிந்து நின்ற பனி பஞ்சு மாதிரி இருக்காது, சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது.

"ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. அது உண்மைதான். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்து சோனம் நிலையில், பனி சரிந்து பத்து ராணுவத்தினரைப் புதைத்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியன். பத்தில் நான்கு பேர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் மட்டும் ஆறாம் நாள் உயிரோடு கண்டெடுக்கப்பட்டார். நாடே பிரார்த்தனை செய்தது. பிப்ரவரி 11ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்துபோனார். பத்துப் பேரில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை. அதிசயத்தை நம்பி மலையேறக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பத்ரிநாத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சம்பவம். 2025 பிப்ரவரி 28 அதிகாலை, மாணா கிராமத்தருகே எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர்கள் 54 பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். பலர் தங்கியிருந்தது இரும்புக் கன்டெய்னர்களில். பனி அவற்றை மூடியபோதும் உள்ளே மூச்சுவிடக் காற்று இருந்தது. திறந்த சரிவில் நடந்துகொண்டிருக்கும் மாணவனுக்கு எந்தக் கன்டெய்னர் இருக்கிறது?

வாங்கினால் மட்டும் போதாது

பீக்கன் தனியாக வேலை செய்யாது. கூடவே இரண்டு சாமான்கள் வேண்டும். ஒன்று, மடித்து வைத்து நீட்டிக்கொள்ளும் நீளமான தேடுகம்பி. இன்னொன்று, உலோகத்தாலான மடக்கு ஷவல். பீக்கன் இடத்தைக் காட்டும், கம்பி ஆளைத் தொடும், ஷவல் வெளியே எடுக்கும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மற்ற இரண்டும் வீண். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்கவே ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும். வெறுங்கையால் நடக்கிற காரியமா?

செய்ய வேண்டியவை கேட்க எளிதானவைதான்:

1. காலையில் கிளம்புமுன் ஒவ்வொருவர் பீக்கனும் அனுப்புகிறதா, பிடிக்கிறதா என்று ஒருவர் நின்று சோதிக்க வேண்டும். பேட்டரி அளவைப் பார்க்க வேண்டும். செல்போன் பீக்கனை ஒட்டி இருக்கக் கூடாது. தேடும்போது அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

2. சரிவு நடந்தால், ஆள் கடைசியாகத் தெரிந்த இடத்தை ஒருவர் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து இன்னொரு சரிவு வருமா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

3. மேலே இருக்கும் எல்லோருமே 'தேடு' நிலைக்கு மாற வேண்டும். ஒருவர் மறந்தாலும், அவருடைய துடிப்பையே புதைந்தவர் என்று எண்ணி மற்றவர்கள் அவரைச் சுற்றி வருவார்கள்!

4. அம்புக்குறி நேர்கோட்டில் கூட்டிப் போகாது, வளைந்து போகும். தூரம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். கிட்டே போனதும் கருவியைப் பனியை ஒட்டிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக நகர்த்தி, எண் மிகக் குறைவாக வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

5. அங்கிருந்து சுருள் வட்டமாக ஒரு சாண் இடைவெளியில் கம்பியைக் குத்திப் பார்க்க வேண்டும். ஆள் தட்டுப்பட்டால் கம்பியைப் பிடுங்கக் கூடாது. அதுதான் அடையாளம். நேர் மேலே நின்று தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கமாகத் தள்ளி நின்று பக்கவாட்டில் தோண்டிப் போக வேண்டும். முகத்தையும் நெஞ்சையும் முதலில் விடுவிக்க வேண்டும்.

படிக்கும்போது ஐந்து நிமிடம். கை நடுங்கும்போது, நண்பன் கீழே கிடக்கும்போது, முன்பின் தொடாத கருவியில் இதைச் செய்ய எத்தனை நிமிடம் ஆகும்? பதினைந்துக்குள் முடியாது என்பதுதான் உண்மை. பயிற்சியில்லாதவன் கையில் பீக்கன், கையில் கட்டிய தாயத்து மாதிரி. தைரியம் தரும், உயிர் தராது.

ஆறு சொல்லித் தந்த பாடம்

திருச்சிக்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. கொள்ளிடத்தில் மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர், கீழே மணல் எடுத்த பள்ளம். அம்மா மண்டபம் படித்துறையில் ஒருவர் கால் வழுக்கினால், தீயணைப்பு வண்டி வரும்வரை தண்ணீர் காத்திருக்காது. பக்கத்தில் குளிப்பவருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். "தெரியாத இடத்துல இறங்காதடா, தனியா போகாதடா" என்று அம்மாக்கள் சொல்லாத நாள் கிடையாது. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கரையோரத்துக்கு எச்சரிக்கை வருகிறது. ஆடிப்பெருக்கன்று எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று கயிறு கட்டுகிறார்கள். பல தலைமுறை ஆற்றோடு வாழ்ந்ததால் வந்த அறிவு இது.

பனியைப் பற்றி இப்படிச் சொல்லித்தர திருச்சியில் ஒரு பாட்டி கிடையாது. அதனால்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புகின்றன. பெரிய பனிப்பொழிவுக்குப் பிந்தைய ஓரிரு நாட்கள் மிக ஆபத்தானவை. காலடியில் 'தொம்' என்று அமுங்கும் சத்தமோ, பனியில் ஓடும் விரிசலோ தெரிந்தால் திரும்பிவிட வேண்டும். சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். உயிர் போகும் விபத்துகளில் பெரும்பாலானவற்றில் பனியைச் சரியவைப்பது அதில் நடந்தவரோ அவர் கூட வந்தவரோதான்! சண்டிகரில் இருக்கும் டி.ஆர்.டி.ஓ.வின் டி.ஜி.ஆர்.இ. ஆய்வகம் இமயப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்க்கிற ஊர், மலைக்குப் போகுமுன் இதையும் பார்க்கக் கூடாதா?

மலை எவ்வளவு தூரத்து வானிலையைக் கேட்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2014 அக்டோபர் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயல், இரண்டே நாளில் நேபாளத்தில் பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. முக்திநாத்துக்கு மேலே, 5,416 மீட்டர் உயர தொராங் லா கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் பனிச்சரிவிலும் குளிரிலும் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வங்கக் கடலில் புயல் என்றால் நாகப்பட்டினமும் கடலூரும்தான் பயப்பட வேண்டும் என்பதில்லை!

பயிற்சி எடுத்தவர்களுக்கும் ஆபத்து வராதா? வரும். 2022 அக்டோபர் 4ஆம் தேதி, உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு திரௌபதி கா தண்டா 2 சிகரத்தருகே பனிச்சரிவில் சிக்கி 27 பேர் இறந்தார்கள், இருவர் காணாமல் போனார்கள். அதே ஆண்டு எவரெஸ்ட்டைத் தொட்டுவந்த பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் இறந்தவர்களில் ஒருவர். மலைக்கு யார் கெட்டிக்காரர் என்று தெரியாது. பாறையில் மோதி இறப்பவர்களை எந்தப் பீக்கனும் காப்பாற்றாது. ஆகவே முதல் பாதுகாப்பு, தப்பான நாளில் தப்பான சரிவில் கால் வைக்காமல் இருப்பது. பீக்கன் அதற்கு அடுத்துத்தான்.

சரி, என்ன செய்யலாம்?

கோடையில் சாலை வழியாக பத்ரி போகும் பாட்டிக்குப் பீக்கன் தேவையில்லை. அவருக்குத் தேவை மெதுவாக உயரம் ஏறுவதும், மூச்சு வாங்கினால் இறங்கிவிடுவதும்தான். பனிக்காலத்தில் செங்குத்துச் சரிவுகளைக் கடக்கும் பயணத்துக்குப் பணம் கட்டும் மாணவர்கள் மட்டும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். போகிற பாதையில் பனிச்சரிவு வரும் இடங்கள் உண்டா? உண்டென்றால் ஒவ்வொருவருக்கும் பீக்கன், கம்பி, ஷவல் மூன்றும் தருவீர்களா? முதல் நாளே தேடும் பயிற்சி உண்டா? "அதெல்லாம் கைடு பாத்துப்பார் தம்பி" என்று பதில் வந்தால், அந்தக் கைடே புதைந்துபோனால் யார் பார்ப்பது என்று நான்காவதாகவும் கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். ஒரு பீக்கன் விலை பல ஆயிரம் ரூபாய். தனியாக வாங்குவது கஷ்டம். திருச்சியில் இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர் குழுக்கள் சேர்ந்து இரண்டு மூன்று கருவிகளை வாங்கி மாறி மாறிப் பழகலாம். பழகுவதற்குப் பனி வேண்டியதில்லை. கோடையில் வறண்டு கிடக்கும் கொள்ளிடத்து மணலே போதும்! ஒரு பீக்கனைத் துணிப்பையில் போட்டு (தகர டப்பா வேண்டாம், அலையைத் தடுக்கும்) இரண்டடி ஆழத்தில் புதைத்துவிட்டு, கையில் வாட்ச்சோடு தேட வேண்டும். முதல் தடவை அரை மணி ஆகும். பத்தாவது தடவை ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். அந்த இருபத்தைந்து நிமிட வித்தியாசம்தான் ஒரு நண்பனின் உயிர்.

முடிந்ததும் குழியை மறக்காமல் மூடிவிட வேண்டும். ஆடி மாதம் அங்கே தண்ணீர் வரும், யாராவது ஒரு சின்னப் பையன் இறங்குவான்.