பதினொரு மாதச் சம்பளமும் பன்னிரண்டு மாத வயிறும்

தமிழ்நாட்டின் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு 2025-லும் மே மாதச் சம்பளம் இல்லை என்று தீர்மானமாகிவிட்டது. சங்கங்கள் மனுக் கொடுத்ததையும், ஆர்ப்பாட்டங்கள் நடந்ததையும், அவற்றால் பலன் ஏதும் விளையாமல் போனதையும் வாசகர்கள் அறிவார்கள். ஆகையால் நடந்தவற்றை மீண்டும் விவரிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால், பல ஆண்டுகளாக நடந்துவருகிறது என்ற ஒரே காரணத்தால் இந்த அநீதி ஒரு சம்பிரதாயத்தின் அந்தஸ்தைப் பெற்றுவிடுவதையும், 2025-ஆம் ஆண்டிலும் அதைத் தொடர்கிறவர்கள் அதற்குக் காரணம் சொல்லும் கடமை தங்களுக்கு உண்டென்றே எண்ணாமலிருப்பதையும் நாம் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க இயலாது.

மே மாதத்தில் வகுப்பு இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். அதே ஆசிரியர் அறையில், அதே மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருக்கும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கும் மே மாதத்தில் வகுப்பு கிடையாது. ஆயினும் மாதத்தின் கடைசி வேலை நாளில் அவருடைய சம்பளம் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சேரத்தான் வேண்டும், கோடை விடுமுறை ஆசிரியத் தொழிலின் ஓர் அங்கம். ஒருவருக்கு அங்கமாக இருப்பது மற்றொருவருக்கு மட்டும் எப்படி வேலையில்லாக் காலமாகும்? மேலும், மே மாதம் உண்மையில் வேலையில்லாத மாதமும் அன்று. விடைத்தாள் திருத்துவதும், மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுவதும், புதிதாகச் சேர வரும் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்ப்பதும், கலந்தாய்வு நாளில் மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் பல கல்லூரிகளில் இவர்கள் தலையில்தான் விழுகின்றன. அழைப்பு வாய்மொழியாக வருகிறது. மறுக்க முடியாது, ஏனெனில் ஜூன் மாதத்தில் மறுபடியும் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டியவரும் அழைக்கிற அந்தக் கல்லூரி முதல்வரே.

மே மாதச் சம்பளத்தைக் கொடுக்காததால் அரசுக்கு மிஞ்சும் பணம்தான் எவ்வளவு? 160-க்கும் மேற்பட்ட அரசு கலைக் கல்லூரிகளில் இவ்வாறு பணிபுரிவோர் ஏழாயிரத்துக்கு மேல். ஏழாயிரம் என்றே வைத்துக்கொண்டு, 2025-இன் தொகுப்பூதியமாகிய 25,000 ரூபாயால் பெருக்கினால் 17.5 கோடி ரூபாய் வரும். இந்தச் சிக்கனத்துக்காகத்தான், முனைவர் பட்டமும் தகுதித் தேர்வுச் சான்றும் பெற்ற ஆயிரக்கணக்கான மனிதர்கள் ஆண்டுதோறும் ஒரு மாதம் கைமாற்றுக்கு அலைகிறார்கள்.

பதினொரு மாதச் சம்பளமாவது ஒழுங்காக வருகிறதா என்றால், அதுவும் இல்லை. நிரந்தரப் பணியாளர்களின் சம்பளப் பட்டியல் மாதந்தோறும் தவறாமல் கருவூலத்துக்குப் போகிறது. இவர்களுடைய பணமோ, தனியாக நிதி ஒதுக்கீடு பிறந்து, கல்லூரிவாரியாகப் பிரிக்கப்பட்டு, கல்லூரி அலுவலகத்தில் பட்டியலாகி, அதற்குப் பிறகுதான் கருவூலத்தை எட்ட வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தாலும் இரண்டு மாதம், மூன்று மாதம் சம்பளம் நின்றுபோய், பின்பு ஒருநாள் மொத்தமாக வந்து விழுகிறது. மொத்தமாக வந்துவிட்டதே, நஷ்டம் எங்கே என்று கேட்பவர்கள் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியறியாதவர்கள். வண்டிக் கடனின் தவணை ஐந்தாம் தேதியன்று கணக்கைத் தட்டுகிறது. பணமில்லாமல் திரும்பினால் வங்கி அதற்கென்று ஓர் அபராதத்தை எழுதிக்கொள்கிறது. அபராதம் போக மீதியிருப்பதை மறுமாதம் வட்டி தின்கிறது. வீட்டுக்காரருக்கு வாடகை, மளிகைக் கடையில் பற்று, இவற்றுக்கு நடுவே மருந்துச் செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளமில்லாத மே மாதத்தை அடுத்து வருவது ஜூன். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் புத்தகமும் சீருடையும் வாங்க வேண்டிய மாதம். கூட்டுறவு வங்கியில் அடகு வைத்த நகையை ஒருவாறு மீட்டு, அடுத்த கோடையில் அதே நகையைத் திரும்பவும் கொண்டுபோய் வைக்கும் விரிவுரையாளர் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அப்படிப்பட்ட விரிவுரையாளர் ஒருவர் காலையில் பொருளாதாரம் நடத்துகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவனின் தகப்பனார் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஆசிரியரின் நிலையை அந்த மாணவன் அறிந்திருக்கிறான் என்பதை நினைக்கும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது.

சம்பளப் பட்டியல் என்பது கணக்கர் பார்க்கும் சில்லறைக் காரியம் என்று மேலிடத்தில் இருப்போர் நினைக்கிறார்கள் போலும். ஒரு நிறுவனத்தில் யார் தங்குவார்கள், யார் போவார்கள் என்பதைத் தீர்மானிப்பதே அந்தப் பட்டியல்தான். சம்பளம் குறைவு என்றால் மனிதன் செலவைச் சுருக்கிக்கொண்டு காலம் தள்ளுவான்; எந்த நாளில் வரும் என்றே தெரியாத சம்பளத்தை வைத்துக்கொண்டு அவன் எந்தச் செலவைச் சுருக்குவான், எந்தத் திட்டத்தைப் போடுவான்? ஆகவே, போகக்கூடியவர்கள் போகிறார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியமே 36,900 ரூபாயில் தொடங்குகிறது; கல்லூரியில் ஆராய்ச்சி முடித்தவர் பள்ளிக்குப் போய்விடுகிறார். இன்னும் மனம் வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை யோக்கியதையாகக் கொண்ட நான்காம் தொகுதித் தேர்வின் மூலம் சேரும் இளநிலை உதவியாளரின் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். 2025 தொடக்கத்தில் இருந்த 55 சதவீத அகவிலைப்படியைக் கூட்டினால் முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும். அதுவும் பன்னிரண்டு மாதமும், தேதி தவறாமல். முனைவர் பட்டம் பெற்றவர் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தால் அவரைக் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை? அவர் பருவத்தின் நடுவில் விலகிப் போகும்போது, பாதியில் நிற்கும் பாடத்தை இன்னொருவர் தலைமேல் சுமத்துகிறார்கள். அந்த இன்னொருவருக்கும் சம்பளம் வந்திருக்காது.

மே மாதச் சம்பளம் இல்லை என்ற முடிவை எடுத்தவர்களின் பழைய காரியங்களையும் இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 2019-இல் 2,331 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் கட்டணம் கட்டினார்கள். பணி அனுபவச் சான்றுக்காகக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார்கள். ஆண்டுகள் கழிந்தபின் அந்த அறிவிப்பே ரத்தாயிற்று. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு மற்றோர் அறிவிப்பு வந்தது, ஆகஸ்டு 4-ஆம் தேதி எழுத்துத் தேர்வு என்றார்கள், அதுவும் ஒத்திவைக்கப்பட்டது, 2025 மே வரையிலும் நடக்கவில்லை. மாநிலத் தகுதித் தேர்வின் கதியோ இதனினும் மோசம். 2024 ஜூன் மாதம் நடப்பதாக இருந்த தேர்வு, நெருங்கிய வேளையில் தொழில்நுட்பக் காரணம் சொல்லித் தள்ளிவைக்கப்பட்டு, பொறுப்பு வேறு கைக்கு மாறி, 2025 மார்ச்சில்தான் நடந்தேறியது. ஆட்சி மாறியது, கோப்புகள் கிடக்கும் மேசை மாறவில்லை. நிரந்தர நியமனத்தையும் செய்யாமல், நியமனம் நடக்கும்வரை பாரம் சுமப்பவர்களுக்கு முழு ஆண்டுச் சம்பளத்தையும் தராமல், இரண்டு பக்கமும் கைவிரிப்பது எந்த நிர்வாக தர்மத்தில் சேரும் என்று நேருக்கு நேர் கேட்கிறோம்.

சட்டமும் விதிகளும் இவர்கள் பக்கத்தில் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கௌரவ ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம், மாதம் 50,000 ரூபாய்க்கு மேற்படாமல் வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியிலேயே வரையறுத்துவிட்டது. ஆறாண்டுகள் கழித்து இங்கே கிடைப்பது அதில் பாதி. நிரந்தர ஊழியரின் வேலையையே செய்யும் தற்காலிக ஊழியருக்கு அப்பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சமாவது கொடுக்கப்பட வேண்டும் என்று, பஞ்சாப் அரசு சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உதவிப் பேராசிரியருக்கு அந்தக் குறைந்தபட்சம் 57,700 ரூபாய். அந்தத் தொகையை நாளைக்கே கொடுத்துவிட முடியாது என்று அரசு சொன்னால், நிதிநிலையை எண்ணி நாம் சற்றுக் காத்திருக்கலாம். ஆனால், கொடுப்பதாக ஒப்புக்கொண்ட 25,000 ரூபாயையும் காலத்தில் கொடுக்காமலிருப்பதற்கு நிதிநிலை காரணமாகாது. அது அசிரத்தை, கேட்க நாதியற்றவர்கள் என்று தெரிந்தே செய்கிற அசிரத்தை.

இதற்கொரு பரிகாரத்தை அரசு தாமதமின்றிக் காண வேண்டும். அது ஒதுக்கீட்டு முறையைத் திருத்துவதாக இருக்கலாம், பணி ஆணையைத் திருத்துவதாக இருக்கலாம். வழி தெரிந்த அதிகாரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை, மனம்தான் வேண்டும். அதுவரையில் ஒரு கணக்கையாவது பொதுமக்கள் முன் வைக்கும்படி கேட்கிறோம். ஜூன் மாதம் கல்லூரிகள் திறக்கும்போது, சென்ற ஆண்டு பாடம் நடத்திய கௌரவ விரிவுரையாளர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை, எந்தெந்தக் கல்லூரியில், எந்தெந்தத் துறையில், அவர்கள் விட்டுச்சென்ற வகுப்புகளை இப்போது நடத்துவது யார் என்பதை உயர்கல்வித் துறை பெயர், எண் சகிதம் வெளியிடட்டும்.