யுத்தமும் தடுப்பூசியும்: விஞ்ஞானிகளின் தர்மசங்கடம்

யுத்தங்கள் குண்டுகளால் மட்டுமன்றி தொற்றுநோய்களாலும் மனித உயிர்களைப் பலிகொள்கின்றன. அவ்வேளையில் தடுப்பு மருந்தும் ஒரு யுத்தத் தளபாடமாகிவிடுகின்றது. அதனைத் தயாரிக்கும் விஞ்ஞானி, தனது அறிவு யாருக்குப் பயன்படுகின்றது என்ற கேள்வியிலிருந்து தப்பிவிட முடியாது. இரண்டாம் உலக மகா யுத்தம் இதற்குத் தக்க சான்றாகும்.

1941 இல் ஜேர்மனியப் படைகள் இன்றைய உக்ரைனிலுள்ள லிவிவ் நகரைக் கைப்பற்றின. பேன்களால் பரவும் டைபஸ் காய்ச்சலுக்கு அங்கு தடுப்பூசி தயாரித்து வந்தவர் போலந்து விஞ்ஞானி ருடோல்ஃப் வைகல். நெருப்புக் காய்ச்சலிலிருந்து வேறான இந்நோய் படைமுகாம்களையே காலியாக்கவல்லது. எனவே தமது இராணுவத்துக்காகத் தடுப்பூசி தயாரிக்குமாறு ஆக்கிரமிப்பாளர்கள் பணித்தனர். வைகல் இணங்கினார். ஆயினும், ஆய்வுகூடப் பேன்களுக்கு இரத்தமூட்டும் பணியில் கணிதமேதை ஸ்டெஃபான் பனாக் உள்ளிட்ட பல அறிஞர்களை அமர்த்தி, அவர்களைக் கைதிலிருந்து காத்தார். தடுப்பூசியில் ஒரு பகுதி யூதர்களின் சேரிகளுக்கும் இரகசியமாகச் சென்றது. யுத்தத்தின் பின்னர் எதிரியுடன் ஒத்துழைத்தவர் என்ற பழியையும் அவர் சுமக்க நேர்ந்தது. 2003 இலேயே இஸ்ரேலின் யாட் வஷேம் நிறுவனம், யூதர்களைக் காத்த நல்லோர் வரிசையில் அவரைச் சேர்த்துக் கௌரவித்தது.

அவரிடம் உதவியாளராகப் பணியாற்றிய யூத விஞ்ஞானி லுட்விக் ஃப்ளெக்கின் நிலை இதனிலும் கொடியது. 1943 இல் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்ட அவர், பின்னர் புக்கன்வால்ட் முகாமில் கைதியாகவே தடுப்பூசி தயாரிப்பில் ஈடுபடுத்தப்பட்டார். அங்கு கைதிகள் நாஸிப் படைக்குப் பயனற்ற மருந்தை வழங்கி, பயனுள்ளதைச் சக கைதிகளுக்கு அளித்தனர். அதே முகாமில் நாஸி மருத்துவர்களோ கைதிகளுக்கு வேண்டுமென்றே டைபஸைத் தொற்றச் செய்து பரிசோதனை நடத்தினர்.

போலி மருந்தை நம்பிய படைவீரனும் மனிதனே என்று வாதிடலாம். அவ்வாதத்தை நாம் புறந்தள்ளவில்லை. ஆனால், அதற்கான பொறுப்பு விஞ்ஞானியைச் சிறைப்படுத்தியவர்களையே சாரும் என்பது எமது கருத்தாகும்.

1947 இன் நியூரம்பேர்க் கோவை, பரிசோதனைக்கு உட்படுபவரின் சுயவிருப்பம் இன்றியமையாதது என வலியுறுத்தியது. கட்டளைக்குக் கட்டுப்பட்ட ஆய்வாளரின் சங்கடத்தை அது தீர்த்துவைக்கவில்லை. மருந்து இரு தரப்பு மக்களையும் சமமாகச் சென்றடைவதை உறுதிசெய்வது அரசுகளின் கடமையாகும். அக்கடமையில் அவை தவறும்போதே அப்பாரம் முழுவதும் தனியொரு விஞ்ஞானியின் மனச்சாட்சி மீது சுமத்தப்படுகின்றது என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.