வேகம் வராதவரா எம்.டி.ராமநாதன்?

கர்நாடக இசைப் பாடகர் எம்.டி.ராமநாதனுக்கு வேகம் வராது, அந்தக் குறையைத்தான் ரசிகர்கள் ‘தனிப்பாணி’ என்று கொண்டாடுகிறார்கள் என்கிறார் ஒரு கட்டுரையாளர். கூடவே ஓர் உபதேசம்: இளம் பாடகர்கள் முதலில் சபா கேட்பதைப் பாடட்டும், சொந்தக் குரல் பிறகு தானே வரும்.

வருமா? இருபது வருடம் துரிதக் கல்பனாஸ்வரத்துக்குக் கைதட்டல் வாங்கிப் பழகியவர் ஒரு சஹானா ராகத்தில் நிதானமாக உட்கார்ந்து பார்க்கட்டும். காது கைதட்டலைத்தான் தேடும்.

ராமநாதனுக்குக் கனத்த குரல், தாழ்ந்த சுருதி. ஓட்டத்துக்கு ஏங்காமல், அந்தக் குரல் எங்கே ஊன்றி நிற்கும் என்று பார்த்து, விளம்ப காலத்தில் சாகித்யத்தை விரித்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவர் விடும் மௌனம் இயலாமையா? சுருதி துளி பிசகினாலும் அங்கே ஒளிய இடமில்லை. வேகத்தில் தாராளமாக உண்டு.

குருவை மீறியவர் என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதுதான் வேடிக்கை. டைகர் வரதாச்சாரியாரின் சீடர் அவர். தாம் இயற்றிய கிருதிகளில் வைத்த முத்திரையே ‘வரததாஸ’. அரங்கின் அவசரத்துக்குத்தான் அவர் கட்டுப்படவில்லை.

1984இல் மறையும்வரை சங்கீத கலாநிதி விருது கிடைக்காததைத் தோல்வியின் சான்றாகக் காட்டுகிறார் கட்டுரையாளர். 1974இல் பத்மஸ்ரீ வந்ததை ஏன் சொல்லவில்லை? விருதுதான் அளவுகோல் என்றால் இரண்டையும் எண்ணுங்கள், ஐயா.