'இந்தியன் 3' மேல இன்னும் நம்பிக்கை வைக்கலாமா? போடி ஏலக்காய் ஏலம் சொல்லித்தரும் கணக்கு

2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. 'இந்தியன் 2' வெளியான அன்று மதியத்துக்குள்ளேயே தீர்ப்பு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் மீம்ஸ் குவிந்துவிட்டன. படம் முடிந்ததும் எழுந்து போகப் பார்த்தவர்களை நிறுத்தி, திரையில் 'இந்தியன் 3' ட்ரெய்லர் ஓடியது. சிலருக்கு அது ஆறுதல். பலருக்கு, "இன்னொண்ணு வேறயா?" என்ற பயம். அதற்குப் பிறகு 2025 முழுசாகக் கழிந்தும் அந்த மூன்றாம் பாகம் தியேட்டருக்கு வரவில்லை.

ஆனாலும், "மூணாவது பார்ட் வரட்டும், அப்ப பேசுவோம்" என்று சொல்லும் ஒருவர் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் இருக்கிறார். அவரை மற்றவர்கள் கலாய்ப்பதும் வழக்கம்தான். அவர் நம்புவதில் நியாயம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையை எங்கே வைக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

ஒரு டிக்கெட்டின் உண்மையான விலை

தேவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். விடியும் முன்பே ஜீப் பிடித்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி, பொழுது சாயும்போது திரும்பும் ஜனங்கள் இருக்கிற பகுதி. இங்கிருந்து ஒரு பெரிய படத்தை முதல் வாரத்தில் நல்ல ஸ்கிரீனில் பார்க்கணும்னா போடி, தேனி என்று கிளம்ப வேண்டும். பஸ் காசு, டிக்கெட், இடைவேளை பாப்கார்ன், திரும்பும்போது புரோட்டா. இதில் மூன்று மணி நேரப் படம் வேறு. வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவில் பாதி நாள் போய்விடும்.

இன்னொரு பக்கம், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை. லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில், "வாப்பா, உங்க படம் திரும்ப வந்திருக்கு" என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறார். அப்பா 1996-ல் பார்த்த படம் அது. பிள்ளைக்கு டி.வி.யில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். அப்படிப் போன இருவர் திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றும் பேசாமல் வந்தால், நஷ்டம் டிக்கெட் காசு மட்டும் இல்லை.

அதனால்தான் 'ஒரு படம்தானே, விடு' என்று கடந்துபோக முடியவில்லை. நம்பிக்கைக்கும் செலவு இருக்கிறது.

முதல் பாகம் ஏன் ஒட்டியது?

1996 மே மாதம் வந்த 'இந்தியன்' ஒரு தாத்தா கத்தியைத் தூக்கிய கதை மட்டும் இல்லை. தீக்காயத்தோடு மகள் உயிருக்குப் போராடும்போதும் லஞ்சம் தரமாட்டேன் என்று நின்று, அவளைப் பறிகொடுத்த அப்பாவின் கதை. கடைசியில் லஞ்சம் வாங்கிய சொந்த மகனையே தண்டித்த அப்பாவின் கதை. தாசில்தார் ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஆர்.டி.ஓ. என்று படத்தில் வந்த இடங்கள் எல்லாம் பார்த்தவர்கள் தாங்களே காசு கொடுத்துவிட்டு வந்த இடங்கள். கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. ஆனால் படம் ஊர் ஊராக நின்றதற்குக் காரணம், வில்லன் நம்ம பக்கத்து டேபிளில் உட்கார்ந்திருந்ததுதான்.

இரண்டாம் பாகத்திலும் அந்த விதை இருந்தது என்பதை மறுக்க முடியாது. 'ஊரைத் திருத்தும் முன் உன் வீட்டைப் பார்' என்பதுதான் அதன் மையம். சித்தார்த் பாத்திரத்தின் அப்பாவே லஞ்ச ஒழிப்புத் துறையில் இருந்துகொண்டு லஞ்சம் வாங்குபவர். அதைப் பிள்ளையே வெளியே கொண்டுவர, அந்தக் குடும்பம் சிதைகிறது. இது முதல் பாகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட கேள்வி. அன்றைக்கு அப்பா மகனைத் தண்டித்தார். இன்றைக்கு மகன் அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறான். இதை மட்டுமே எடுத்து ஒரு முழுப் படம் செய்திருக்கலாம். ஆனால் கோடிகளில் புரளும் வில்லன்களுக்கும், வர்மக்கலைத் தண்டனைகளுக்கும், பிரம்மாண்டத்துக்கும் நடுவில் அந்த வீட்டுக் கதை மூச்சுத் திணறிப்போனது.

எங்கே உடைந்தது?

இந்தப் படத்தின் பயணத்தையும் நினைவில் வைக்க வேண்டும். படப்பிடிப்பு தொடங்கியது 2019 ஜனவரியில். 2020 பிப்ரவரியில் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். பிறகு கொரோனா. பிறகு தயாரிப்பு நிறுவனத்துக்கும் இயக்குநர் ஷங்கருக்கும் இடையே கோர்ட் வழக்கு. 2022 ஆகஸ்டில்தான் வேலை மறுபடி தொடங்கியது. அதற்குள் விவேக், நெடுமுடி வேணு இருவரும் மறைந்துவிட்டார்கள். படம் வெளியாகும் முன்பே மனோபாலாவும், தேனி மாவட்டம் தந்த மாரிமுத்துவும் போய்விட்டார்கள்.

இவ்வளவு இழுபறிக்குப் பிறகு, கதை பெரிதாக இருக்கிறது என்று அதையே இரண்டாகப் பிரித்தார்கள். அங்கேதான் சிக்கல். ரசிகர் கொடுத்தது முழு டிக்கெட். கிடைத்தது பாதிக் கதை. சுதந்திரப் போராட்டம் என்று ட்ரெய்லரில் பார்த்து 'இது நல்லா இருக்கே' என்று தோன்றியதெல்லாம் அடுத்த பாகத்துக்குப் போய்விட்டது.

நம்பிக்கைக்காரர் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறும் இதுதான்: நல்ல பாதி இன்னும் வரவில்லை. அது வீண் ஆசை இல்லை. ஆனால் போதுமான காரணமும் இல்லை.

விழுந்து எழுந்தவர்கள் என்ன செய்தார்கள்?

சுந்தர்.சி-யின் 'அரண்மனை' வரிசையைப் பாருங்கள். 2021-ல் வந்த மூன்றாம் பாகம் பெரிதாக எடுபடவில்லை. "போதும்ப்பா பேய்" என்றுதான் பலர் சொன்னார்கள். ஆனால் 2024 மே 3 அன்று வந்த 'அரண்மனை 4' அந்த ஆண்டின் முதல் பாதியில் காய்ந்து கிடந்த தியேட்டர்களுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. அதே அரண்மனை, அதே பேய், அதே காமெடி. ஆனால் நடுவில் பிள்ளைகளைக் காப்பாற்றத் துடிக்கும் ஒரு அம்மாவை வைத்தார்கள். தமன்னா நடித்த அந்த அம்மாதான் குடும்பங்களை உள்ளே இழுத்தார்.

ஹாலிவுட்டிலும் இதே கதைதான். 1997-ல் 'பேட்மேன் அண்ட் ராபின்' கேலிப்பொருளானது. எட்டு வருஷம் கழித்து, 2005-ல் கிறிஸ்டோபர் நோலன் 'பேட்மேன் பிகின்ஸ்' கொடுத்தார். நடிகர், இயக்குநர், படத்தின் தொனி எல்லாமே மாறியிருந்தது.

எழாமல் போனவையும் உண்டு. 2018 என்ற ஒரே ஆண்டில் ஆகஸ்டில் 'விஸ்வரூபம் 2', செப்டம்பரில் 'சாமி ஸ்கொயர்', அக்டோபரில் 'சண்டக்கோழி 2' என்று வரிசையாக வந்தன. மூன்றுமே பழைய பெயரை நம்பி வந்தவை. முதல் பாகங்கள் இன்றும் டி.வி.யில் ஓடுகின்றன, இரண்டாம் பாகங்களைப் பற்றிப் பேச ஆளில்லை.

வித்தியாசம் எங்கே? எழுந்த படங்களில், தோல்விக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் யாரோ ஒருவர் ரசிகர்கள் சொன்னதைக் காதில் வாங்கி, புதிதாக எழுத உட்கார்ந்தார்.

'இந்தியன் 3' விஷயத்தில் இதுதான் கவலை. இரண்டாம் பாகத்தோடு சேர்த்தே இதன் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டார்கள். அதாவது, ரசிகர் வாய் திறக்கும் முன்பே அடுத்த படம் கேமராவுக்குள் போய்விட்டது. 'இந்தியன் 2'-க்கு வந்த விமர்சனத்தைக் கேட்டு வெளியான சில நாட்களிலேயே சுமார் 12 நிமிடங்களை வெட்டினார்கள். கேட்டது நல்ல விஷயம். ஆனால் முதல் வாரக் கடைசியில் காசு கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அது உதவவில்லை.

போடி ஏலத்தில் யாரும் கண்ணை மூடி விலை கேட்பதில்லை

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஏமாற்றமும் நம்பிக்கையும் புதிதில்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. 2022-ல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. அதற்காகப் பெரும்பாலானவர்கள் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கிவிடவில்லை. ஏலச்செடி நட்டால் காய் பார்க்கவே மூன்றாவது வருஷம் ஆகும். ஒரு மோசமான பருவத்தை வைத்துத் தோட்டத்தை முடிவு செய்ய முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே ஆட்கள்தான் விற்பனை என்று வரும்போது கறாராகவும் இருப்பார்கள். போடியில் நடக்கும் நறுமணப் பொருள் வாரிய ஏலத்தில், சாம்பிளைக் கையில் வாங்கி, பருமன் பார்த்து, நிறம் பார்த்த பிறகுதான் வியாபாரி விலை கேட்பார். போன தடவை நல்ல சரக்கு கொடுத்த தோட்டம் என்பதற்காக யாரும் பார்க்காமல் விலை ஏற்றுவதில்லை. போன தடவை மட்டமாக இருந்தது என்பதற்காகச் சாம்பிளைத் தொடாமலும் போவதில்லை.

சினிமா ரசிகர் மட்டும்தான் சரக்கைப் பார்க்கும் முன்பே காசைக் கட்டுகிறார். ட்ரெய்லர் சாம்பிள் இல்லை. மூட்டையில் மேலாகப் பொறுக்கி வைத்த காய் அது. உண்மையான சாம்பிள், படம் பார்த்துவிட்டு வந்த உங்கள் நண்பர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சொல்லும் வார்த்தை.

"முதல் நாள் போகலேன்னா படம் செத்துடுமே?"

ரசிகர்களிடம் எப்போதும் வரும் கேள்வி இது. ஒரு அளவுக்கு உண்மைதான். முதல் மூன்று நாள் வசூலை நம்பித்தான் பெரிய படங்களின் வியாபாரமே நடக்கிறது. ஆனால் நல்ல படம் திங்கட்கிழமையோடு சாவதில்லை. 'இந்தியன் 2' வந்த அதே 2024-ல்தான் 'மகாராஜா'வும் 'லப்பர் பந்து'ம் வந்தன. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லியே அவை வாரக்கணக்கில் ஓடின. 2025-ல் 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கும் அதுவே நடந்தது.

ஆகவே 'இந்தியன் 3' என்றைக்கு வந்தாலும் சில விஷயங்களைக் கவனித்தால் போதும். படத்தை மறுபடி எடிட் செய்திருக்கிறார்களா, புதிதாக ஏதாவது எடுத்திருக்கிறார்களா, அல்லது இருந்ததை அப்படியே தூசி தட்டிக் கொண்டுவருகிறார்களா? நீளம் குறைந்திருக்கிறதா? சேனாபதி மறுபடியும் நம் பக்கத்து டேபிளுக்கு வந்திருக்கிறாரா, இல்லை தூரத்துக் கோடீஸ்வரர்களைத்தான் துரத்துகிறாரா? கடைசியாக, முதல் மூன்று நாள் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

பதில் நன்றாக இருந்தால் நாலாவது நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டாம் பாகத்துக்குப் பட்ட கடன் என்று எதுவும் ரசிகருக்கு இல்லை. கமலுக்காகவோ ஷங்கருக்காகவோ முதல் நாள் முதல் ஷோ போய் நிற்கணும் என்கிற கட்டாயமும் இல்லை. அதேபோல, ஒரு படம் சரியில்லை என்பதற்காக இனிமேல் எதையும் எதிர்பார்க்கவே கூடாது என்று சொல்வதும் புத்திசாலித்தனம் ஆகாது. 'அரண்மனை 3' பார்த்துவிட்டு அப்படி முடிவு கட்டியவர்கள்தான் 'அரண்மனை 4'-ஐக் கடைசியாகப் போய்ப் பார்த்தார்கள்.

குரூப்பில் இருக்கும் அந்த நம்பிக்கைக்காரரைக் கலாய்ப்பதை நிறுத்தலாம். அவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நம்பிக்கை வைங்க, அட்வான்ஸ் மட்டும் வைக்காதீங்க.