அடுமனைக்கு முதற்கருவி

கைப்பக்குவம் என்பது நம் இல்லங்களில் புகழ்மொழி. ஆயினும் அப்பக்குவம் மூதாட்டியரோடு மறைந்துபோவதும், புதிதாய் அடுக்களை புகும் பெண்மீது பழி விழுவதும் நாம் அறிந்தவையே. இவ்விழப்பைத் தடுக்க வல்லது ஓர் எளிய தராசு.

வீட்டில் கேக் சுட விழைவோர் அலங்கார அச்சுகளையும் மின்கலக்கியையுமே முதலில் நாடுகின்றனர். அவை பின்னர் வரலாம். மைதாவைச் சலித்துத் தளர்வாக நிரப்பினால் ஒரு கோப்பை ஏறத்தாழ 120 கிராம். அழுத்தி நிரப்பினால் 150 கிராமையும் எட்டும். கோப்பை ஒன்றே, மாவோ கால்பங்கு மிகுகிறது. கேக் இறுகிப்போக இதுவே போதும். மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை ஆகிய நான்கையும் ஒவ்வொரு பவுண்டு நிறுத்து எடுத்ததாலன்றோ ‘பவுண்டு கேக்’ என்னும் பெயர் வந்தது!

அடுத்துத் தேவையானது ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி. குமிழ் 180 பாகை செல்சியஸ் எனக் காட்டினும் உள்வெப்பம் வேறாக இருக்கக்கூடும். மேலும் கீழும் தணலிட்டுத் தம்மடை சுட்ட நம் மூதாட்டியர் அவ்வெம்மையைப் பழக்கத்தால் உணர்ந்தனர். உணர்வைக் கற்பித்தல் அரிது. எண்ணைக் கற்பித்தல் எளிது.

‘தராசு கடைக்காரருக்கு உரியது, தாய்க்கு எதற்கு?’ என்பர் சிலர். அளவு அன்பைக் குறைப்பதில்லை. மூத்தோர் அள்ளியிடும் ஒவ்வொரு பிடியையும் அவர்கள் இருக்கும்போதே நிறுத்து, குறிப்பேட்டில் எழுதிவைப்போம். அவ்வேடு மகளுக்கு மட்டுமன்று, மகனுக்கும் பயன்படும்.