சும்மா பகிடிக்கு

'சும்மா பகிடிக்குத்தானே தம்பி, ஏன் கோவிக்கிறீர்?' சென்ற மாதம் மொன்றியலில் நடந்த கலைவிழா ஒன்றில், நாடகம் முடிந்த கையோடு அதை எழுதியவர் என்னைக் கேட்ட கேள்வி இது. அன்று எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

இந்த ஊரில் 'ஜூஸ்ட் பூர் றீர்' என்றொரு நகைச்சுவை விழா உண்டு. 'சும்மா சிரிக்க' என்று அர்த்தம். அது தொடங்கியது 1983 யூலையில். நான் பிறக்க முந்திய அதே யூலையில்தான் கொழும்பில் எங்கள் சனத்தின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இதில் விழாக்காரரின் குற்றம் ஒன்றுமில்லை. ஆனாலும் 'சும்மா' என்ற சொல் எனக்கு அந்த மாதத்தைத்தான் நினைவூட்டும்.

நான் புவாண்ட்-கிளேரில் ஒரு றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவன். இரண்டாம் வருடத்தோடு பல்கலைக்கழகத்தை விட்டவன். என்னோடு வேலை செய்பவர் வன்னியிலிருந்து வந்த ஓர் அண்ணை. ஒருநாள் பெரிய தகரத் தட்டமொன்று நிலத்தில் விழுந்த சத்தத்தில் இரண்டு பேரும் குப்புறப் படுத்துவிட்டோம். சமையற்காரர்கள் விறைத்துப்போய்ப் பார்க்கிறார்கள். மேசைக்குக் கீழே கிடந்தபடி அண்ணை சொன்னார்: 'கரண்டி தேடுறம் எண்டு சொல்லடா.' அன்றிலிருந்து எது விழுந்தாலும் என்னைக் கேட்பார்: 'கரண்டி கிடைச்சுதோ?' வயிறு நோகச் சிரிப்போம்.

சிரிப்பைப் பற்றி 1900இல் புத்தகம் எழுதிய பிரெஞ்சுக்காரர் பேர்க்சன், உணர்ச்சி சிரிப்புக்குப் பகை, மனம் சற்று மரத்தால்தான் சிரிப்பு வரும் என்கிறார். கதிரையில் இருந்து பார்ப்பவனுக்கு அது சரியாக இருக்கலாம். மேசைக்குக் கீழே எங்களுக்கு நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகைக்குப் பக்கத்திலேயே அழுகையை வைத்தார். நகை பிறக்கும் இடங்களில் முதலாவது எள்ளல். உரைகாரர் பேராசிரியர் அதையும் இரண்டாக்குகிறார்: பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளத் தானே சிரிப்பது மற்றது. எங்கள் மேடைகளுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். புதிதாய் வந்தவனின் பிரெஞ்சு, எஸ்கலேற்றரில் கால் வைக்கப் பயப்படும் கிழவி, அகதி வழக்கில் தடுமாறுகிறவன். சிரித்திரன் சிவஞானசுந்தரமும் எள்ளியவர்தான். அவர் எள்ளியது யாழ்ப்பாணத்தின் சீதனத்தையும் ஆங்கில மோகத்தையும் போலிக் கௌரவத்தையும். 'தங்க வேட்டை' (1925) படத்தில் சப்பாத்தை அவித்துத் தின்ற சாப்ளின், சிறுவயதில் லண்டன் ஏழைவிடுதியில் இருந்தவர். அந்தச் சப்பாத்தை அவர் விருந்துக்காரனைப் போல நாசூக்காகத் தின்கிறார். அந்த நாசூக்குத்தான் பகிடி, பசி அல்ல.

நாடகாசிரியரே, உங்கள் நாடகத்தில் கோப்பை விழுகிறது, அகதி நிலத்தில் பாய்கிறான், மண்டபம் அதிர்கிறது. கரண்டி வசனத்தை மட்டும் காணவில்லை. நேரம் போதாதென்று வெட்டினீர்களாம். ஐயா, பகிடியே அந்த வசனம்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் பயந்துபோன ஒரு மனிசன். முந்நூறு பேர் பார்த்துச் சிரித்தது அவனை.

அந்தக் கதையை உங்களுக்குச் சொன்னவன் நான். அண்ணையை ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னேன். அன்று அவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். எல்லோரும் சிரிக்கத் தானும் சிரித்தார்.

திங்கட்கிழமை குசினியில் ஒரு மூடி விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.